அண்ணன் மடித்து வைத்த கேமரா

நம் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், பழைய செபப் புத்தகங்களுக்கும் திருமண அழைப்பிதழ்க் கட்டுக்கும் நடுவே, தோலுறை போட்ட சிறு பெட்டி ஒன்று நெடுநாளாக இருந்து வந்தது. உறையின் தையல் விட்டுப் போயிருந்தது. பெட்டியைக் கையில் எடுத்தால், அதன் அளவுக்கு மிஞ்சிய கனம். அது என்னவென்று அறியாத பேரப்பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். "ஜப்பான் கேமரா" என்று நாம் சொன்னால், லென்ஸ் எங்கே, படம் தெரியும் திரை எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். மூடியிருக்கையில் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். அது மடக்குக் கேமரா.

நம் அண்ணன் சரக்குக் கப்பலில் பணியாற்றியவர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்நாளில் அது புதுமையன்று. 1966-ஆம் ஆண்டு கோபே துறைமுகத்தில் கப்பல் நின்ற நாட்களில், பழைய பொருள் விற்கும் கடையொன்றில் அதை வாங்கினார். புதுக் கேமரா வாங்கும் வசதி அவருக்கு இல்லை. ஆனால் நல்ல பொருளைத் தொட்டுப் பார்த்தே அறியும் விரல் அவருக்கு உண்டு. விடுமுறையில் ஊர் வந்ததும், பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "இதற்குப் பெயர் என்ன?" என்று அம்மா கேட்டார்கள். "மாமியா சிக்ஸ்" என்றார் அண்ணன். சிக்ஸ் என்றால் ஆறு என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியும். "ஏலே, வீட்டில் ஒரு மாமியார் இருப்பது போதாதென்று, ஆறு மாமியாரையா கப்பலேற்றிக் கொண்டுவந்தாய்?" என்று அம்மா கேட்க, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியே முதலில் சிரித்துவிட்டார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு மாமியார்ப் பெட்டி என்றே பெயர் வழங்கிற்று. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் ஷட்டரைச் செய்த கோபால் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். அதைப் படித்த தெருப் பிள்ளைகள், கேமராவின் சொந்தக்காரர் கோபால் என்பவர் என்று நம்பிக்கொண்டிருந்ததும் உண்டு.

மாமியா என்பது அக்கருவியைக் கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயர். செயிச்சி மாமியா என்பவர், சுகவாரா என்ற நண்பரின் பண உதவியோடு 1940-ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனத்தின் முதல் படைப்பே இந்த மாமியா சிக்ஸ். சிக்ஸ் என்பது படத்தின் அளவு: ஆறு சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் அகலம். நம் ஊர்களில் 1960, 70-களில் பலர் வைத்திருந்த ஆக்பா கிளிக் கேமராவில் வந்த சதுரப் படங்களும் இதே அளவினவே. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினால், வெள்ளை விளிம்பிட்ட அந்தச் சதுரங்களைக் காணலாம். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 1901-ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்த 120 என்னும் பிலிம் சுருள் இன்றும் விற்பனையில் இருக்கிறது என்பது வியப்புக்குரியது. நூறாண்டுக்கு மேலாக அளவு மாறாமல் விற்கப்படும் பொருட்கள் எத்தனை இருக்கும்?

மடக்குக் கேமரா ஜப்பானியரின் கண்டுபிடிப்பு அன்று. செருமானியர் அதில் தேர்ந்தவர்கள். சைஸ் ஐகான் நிறுவனத்தின் ஐகொன்டா உலகெங்கும் புகழ் பெற்றிருந்தது. ஜப்பானியர் அதைப் பார்த்துக் கற்றனர். பின்னாளில் மினோல்டா என்று பெயர் பெற்ற நிறுவனம் 1929-இல் வெளியிட்ட தன் முதல் கேமராவை, இரண்டு செருமானியரைத் துணைக்கு வைத்துக்கொண்டே உருவாக்கியது. ஒலிம்பஸ் நிறுவனம் 1919-இல் தொடங்கியது நுண்ணோக்கி செய்வதற்காக. 1936-இல் அது செய்த முதல் கேமராவும் மடக்குக் கேமராதான். அண்ணனுடைய மாமியாவில் இருந்த லென்ஸ் ஒலிம்பஸின் 'ஸூய்கோ'. அச்சொல்லுக்கு மங்கல ஒளி என்று பொருளாம். பார்த்துச் செய்தவர்கள் என்று இவர்களை இகழ்வாரும் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. மாமியா செய்த ஒரு காரியம் செருமானியருக்கே தோன்றாதது.

அது என்னவென்று சொல்ல, கேமராவைத் திறந்தாக வேண்டும். இவ்வகையை ஜப்பானியர் 'ஸ்பிரிங் கேமரா' என்றே அழைத்தனர். பொத்தானை அழுத்தினால் முன்கதவு தானாக இறங்கும். இருபுறத்துக் கால்களும் நிமிர, துருத்தி விரிய, லென்ஸ் முன்னே வந்து 'டக்' என்று நிற்கும். நம் பங்குக் கோவில் ஆர்மோனியத்தின் பின்புறத்தில் இருக்குமே, அந்தத் துருத்தியின் கடைக்குட்டி என்று இதை எண்ணிக்கொள்ளலாம். அதற்குள் இருப்பது காற்று. இதற்குள் இருப்பது இருட்டு. அந்த இருட்டில் ஓர் ஊசித் துளை விழுந்தாலும் படம் கெட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, இரவில் விளக்கணைத்து, துருத்திக்குள் கைவிளக்கை வைத்து, மடிப்பு மடிப்பாக அண்ணன் பார்ப்பார். கதவை ஒரேயடியாகத் திறக்க விடமாட்டார். கையால் தாங்கி மெல்ல இறக்குவார். துருத்தி வேகமாக விரிந்தால் உள்ளே காற்று இழுபட்டு, பிலிம் தட்டையாக நிற்காமல் முன்னே வளைந்துவிடும் என்பார். சிறுவனாய் இருந்த நமக்கு அது பெரிய சடங்காகத் தோன்றிற்று.

கேமராவில் தெளிவான படம் வேண்டுமானால், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சரி செய்ய வேண்டும். எல்லாரும் லென்ஸைத்தான் முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். ஆனால் மடக்குக் கேமராவில் லென்ஸ் இருப்பது மெல்லிய கால்களின் நுனியில். அங்கே அசைவு கூடினால் உறுதி குறையும். தூரத்தை அளக்கும் கருவியோ மேலே, உடற்பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் மடங்கி விரியும் கதவைத் தாண்டி இணைப்பது பெரும்பாடு. மாமியா என்ன செய்தார்? லென்ஸை அதன் இடத்திலேயே நிற்க விட்டு, பெட்டிக்குள் இருக்கும் பிலிமை நகர்த்தினார். தேர் நிலைக்கு வரும் என்பது உலக வழக்கம்; இவரோ நிலையைத் தேரிடம் கொண்டு சென்றார். கேமராவின் பின்புறம் வலக்கைக் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால், உள்ளே பிலிம் நிற்கும் தளம் முழுவதும் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகரும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்தில் எதிரே நிற்பவரின் உருவம் நடுவில் இரண்டாகத் தெரியும். ஒரு முகத்துக்கு இரு மூக்கு. ஒரு தாலிக்கு இரு தாலி. சக்கரத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒன்றாகும். அப்போது நிறுத்த வேண்டும். பிறகு ஷட்டரின் வில்லை விரலால் இழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகே அழுத்த வேண்டும். அடுத்த படத்துக்குச் சுருளைத் திருகிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிற்காலத்து மாமியாக்களில் இவற்றுள் சில தாமாகவே நடக்கும்படி செய்தார்கள். நம்மிடம் இருந்ததில் எல்லாம் கைவேலை.

இதற்கு ஒரு துணைக் கட்டுப்பாடும் உண்டு. பிலிமின் முதுகை அழுத்தித் தட்டையாக நிறுத்தும் தகடு மற்றக் கேமராக்களில் பின்கதவோடு ஒட்டியிருக்கும். மாமியாவிலோ பிலிம் தளமே நகர்வதால், அந்தத் தகடும் தளத்தோடு சேர்ந்து நகர வேண்டும். ஆகவே அது தனித் தகடு. பிலிம் ஏற்றும்போது எடுத்து, ஏற்றியபின் செருக வேண்டும். கேமராவின் எண்ணையே அதிலும் பொறித்திருப்பார்கள். தகடு தொலைந்தால், கேமரா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. உலகெங்கும் பழைய மாமியாக்கள் பல இவ்வாறு தகடற்று முடங்கிக் கிடக்கின்றன. வாசகர் இந்தத் தகட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் வரும்.

அந்தக் கேமராவில்தான் நம் தங்கையின் புதுநன்மைப் படம் எடுக்கப்பட்டது. புதிய தேர் தெருவுக்கு வந்த நாள், அப்பாவின் கடைசிப் பிறந்தநாள், படகுக்குப் பெயரிட்ட நாள் எல்லாம் அதில்தான். அண்ணன் ஆண்டுக்கு இரண்டு சுருள் வாங்குவார். இருபத்துநான்கு படம். ஆகவே எவரையும் எளிதில் எடுத்துவிட மாட்டார். "நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், சிரித்த முகம் சலித்த முகமாகிவிடும். நம் குடும்பப் படங்களில் எல்லாரும் சற்றுச் சினத்தோடு காணப்படுவதன் காரணம் இதுவே.

1971-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மீனவர் வீட்டில் ஆறு வயதுப் பையன் காய்ச்சலில் இறந்தான். அவ்வீட்டில் அவனுக்கு ஒரு படமும் கிடையாது. படம் எடுக்கும் வழக்கமே அந்நாளில் அத்தகைய வீடுகளில் இல்லை. அடக்கத்துக்கு முன் ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்று பையனின் தாய்மாமன் வந்து அண்ணனை அழைத்தார். விடுமுறையில் இருந்த அண்ணன் கேமராவோடு சென்றார். நாமும் உடன் சென்றோம். பையனை நடுவீட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தாய் அவன் காலடியில் அமர்ந்திருந்தாள். அண்ணன் வாசற்படியில் நின்று கேமராவைத் திறந்தார். சாளரத்தில் கண்ணை வைத்தார். விரல் சக்கரத்தில் இருந்தது. நெடுநேரம் அப்படியே நின்றார். பின்பு கதவை மடித்து மூடி, தோலுறையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். தாய்மாமனிடம், பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொன்னார். அது பொய். நாம் அறிய அவர் சொன்ன பொய்கள் சிலவே.

அன்றிரவு கேட்டபோது, "அந்த அக்கா முகத்துக்கு எதிரே நின்று, இரண்டு முகம் ஒன்றாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை" என்றார். நாம் அவரைப் பெருமையாக நினைத்தோம். இறந்த பிள்ளையைப் படமெடுப்பது இரக்கமற்ற செயல் என்பது அப்போது நம் எண்ணம்.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1979-ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று, அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் அருகில் வந்தார். "தம்பி, அன்றைக்கு நீங்கள் வாசலில் கேமராவோடு நின்றீர்கள். நான் பார்த்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது; இத்தனை நாள் கேட்கவில்லை. அந்தப் படம் இருந்தால் ஒன்று தாருங்கள். அவன் முகம் எனக்கு வரவர மறந்துபோகிறது" என்றார். அண்ணன் வாய் திறக்க முடியாமல் நின்றார். பிறகு, "எடுக்கவில்லை அக்கா" என்றார். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அவர் தம் மகனின் மண்மேட்டை நோக்கிப் போய்விட்டார். கோபமோ குறையோ அவர் குரலில் இல்லை. இருந்திருந்தால் அண்ணனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அண்ணன் அந்தக் கேமராவில் படம் எடுத்ததாக நினைவில்லை. நாம் அதைக் கவனித்ததே பின்னாளில்தான். வேறு கேமராக்கள் வீட்டுக்கு வந்தன, எளிதான கேமராக்கள். மடக்குக் கேமரா பழசாகிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினோம். உலகிலும் அப்படித்தான் நடந்தது. சிறு பிலிம் கேமராக்கள் பெருகியதும், 1950-களின் இறுதியோடு மடக்குக் கேமராக்களின் காலம் ஏறத்தாழ முடிந்தது. மாமியா நிறுவனம் 1989-இல் அதே 'ஆறு' என்ற பெயரில் துருத்தி வைத்த புதுக் கேமரா ஒன்றை வெளியிட்டது. அது வேறு இனம். அண்ணன் 2009-இல் இறைவனடி சேர்ந்தார். அலமாரியோடு கேமராவும் நம்மிடம் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஹிரோஷிமா பற்றிய நூல் ஒன்றில் ஐந்து படங்களைக் கண்டோம். அவற்றை எடுத்தவர் யோஷிதோ மட்சுஷிகே. சூகோக்கு ஷிம்புன் என்னும் அந்நகரத்து நாளிதழின் படப்பிடிப்பாளர். 1945 ஆகஸ்ட் 6 காலை எட்டேகாலுக்குக் குண்டு வெடித்தபோது, வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் தொலைவில் தம் வீட்டில் இருந்தார். வயது 32. கண்ணாடிச் சில்லுகள் உடலில் தைத்தன, வீடு குலைந்தது. இடிபாட்டுக் குவியலுக்குள்ளிருந்து தம் கேமராவைத் தேடி எடுத்துக்கொண்டு நகரின் நடுப்பகுதியை நோக்கி நடந்தார். அந்தக் கேமரா எது என்று படித்தபோது நமக்குக் கை நின்றுவிட்டது. அது மாமியா சிக்ஸ்.

தீ வழியை மறிக்கவே அவர் மியூக்கி பாலத்தின் அருகே நின்றார். முற்பகல் பதினொரு மணி இருக்கும். அங்கே தீப்புண்பட்டோர் திரண்டு கிடந்தனர். தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அழைத்து வரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அவர்களுள் மிகப் பலர். அவர்களின் புண்களுக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். வேறு மருந்து இல்லை. மட்சுஷிகே கேமராவைத் திறந்தார். ஆனால் அழுத்த முடியவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் தயங்கி நின்றதாக அவரே பின்னாளில் சான்று கூறியிருக்கிறார். பிறகு ஒரு படம் எடுத்தார். சில அடி நெருங்கிச் சென்று இரண்டாவது படம் எடுக்க முயன்றபோது, கண்ணீரால் சாளரம் மங்கித் தெரிந்தது என்றும் சொன்னார்.

இந்தக் கேமராவைக் கையில் வைத்துப் பழகாதவருக்கு அந்தச் சொல் வெறும் சொல்லாகவே இருக்கும். நமக்கு அப்படியன்று. சாளரத்தில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை பார்த்தாக வேண்டும். கண்ணீர் நிறைந்த கண்ணுக்கு எல்லாமே இரண்டாகத்தான் தெரியும். வாசற்படியில் அண்ணனின் கட்டைவிரல் சக்கரத்தின்மேல் அசையாது நின்றதை நாம் பார்த்தவர்கள் அல்லவா?

மட்சுஷிகேயிடம் இரண்டு சுருள் இருந்தன. சுருளுக்குப் பன்னிரண்டாக, இருபத்துநான்கு படம் எடுக்கலாம். ஏறத்தாழ பத்து மணி நேரம் நகருக்குள் அலைந்து, ஏழு முறைதான் அழுத்தினார். காமியாச்சோ என்னுமிடத்தில் தீயில் வெந்த டிராம் வண்டி ஒன்றைக் கண்டார். உள்ளே பயணிகள் பிணமாக இருந்தனர். படியில் கால் வைத்து, எடுக்கவும் ஆயத்தமாகி, அவர்கள் மேல் கொண்ட இரக்கத்தால் எடுக்காமல் இறங்கிவிட்டார். இருட்டறை எதுவும் எஞ்சாத நகரில், இரவு வானத்தின் கீழ் பிலிமைக் கழுவி, ஓடை நீரில் அலசி, மரக்கிளையில் தொங்கவிட்டு உலர்த்தினார். ஏழில் ஐந்து தேறின. பாலத்தில் எடுத்தவை இரண்டு. குலைந்துபோன குடும்ப முடிதிருத்தகத்தில் அவர் மனைவி சுத்தம் செய்வது ஒன்று. சன்னல் வழியே தெரிந்த இடிபாடு ஒன்று. தலையில் கட்டுப் போட்ட காவலர் ஒருவர், பாதிக்கப்பட்டோருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது ஒன்று. இந்தக் கடைசிப் படத்தை நாம் நெடுநேரம் பார்த்தோம். நகரமே அழிந்த அன்று மாலையில் ஒரு மேசையும், ஒரு பேனாவும், வரிசையில் நிற்கும் மக்களும்!

குண்டு விழுந்த நாளில் நகரத்துக்குள் மக்களிடையே நின்று எடுக்கப்பட்டு, இன்று உலகம் அறிந்த படங்கள் இவையே. 1946 சூலையில் உள்ளூர் மாலை நாளிதழ் ஒன்றில் சில வெளிவந்தன. நாடு அமெரிக்கப் படையின் ஆட்சியிலிருந்த அந்நாட்களில் இத்தகைய படங்களுக்குக் கடும் தணிக்கை இருந்தது. ஆட்சி முடிந்தபின் 1952 செப்டம்பரில் லைஃப் என்னும் அமெரிக்க இதழ் வெளியிட்டபோதுதான் உலகம் பார்த்தது. மட்சுஷிகே 2005 சனவரியில், 92 வயதில் காலமானார். அதுவரை தாம் கண்டதை இளைஞர்களுக்குச் சொல்லிவந்தார்.

எடுக்காமல் விட்ட பதினேழு படங்களை மட்டுமே புகழ்ந்து, இரக்கமே பெரிது என்று கூறிவிட நமக்கு ஆசைதான். 1971-இல் அப்படியே கூறியிருப்போம். ஆனால் பாலத்துப் படத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்போருள் ஒருவர் சுனாவோ ட்சுபோய். அப்போது 20 வயதுப் பொறியியல் மாணவர். உடல் முழுவதும் வெந்து, இனிப் பிழைப்பதற்கில்லை என்று எண்ணி, தாம் இங்கே இறந்ததாகத் தரையில் சிறு கல்லால் தம் பெயரை எழுதி வைத்தவர். அவர் பிழைத்தார். நெடுங்காலம் அணுகுண்டால் பாதிக்கப்பட்டோர் அமைப்பின் தலைவர்களுள் ஒருவராக இருந்தார். 2016 மே 27 அன்று ஹிரோஷிமாவுக்கு வந்த அமெரிக்க அதிபர் ஒபாமாவின் கையைப் பற்றிக்கொண்டு பேசினார். 2021-இல் 96 வயதில் மறைந்தார். அந்தப் பாலத்தில் தாம் இருந்ததற்கு அவரிடம் ஒரு படம் இருந்தது. எங்கள் அடுத்த தெரு அம்மாளிடம் இல்லை. எடுத்த ஏழு, எடுக்காத பதினேழு என்று நாம் எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தும் கணக்கு நேராகவில்லை.

அண்ணனுக்கு மட்சுஷிகேயைப் பற்றித் தெரியாது. தாம் வாங்கிய கேமராவின் உடன்பிறப்பு ஒன்று மியூக்கி பாலத்தில் நின்றது என்பதை அவர் அறியாமலே போனார். இருபது நிமிடம் நின்றவர் ஒருவர் உண்டு என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?

கேமராவை மீண்டும் பயன்படுத்தத் துணிந்தது பேரனின் தூண்டுதலால். பிலிம் வாங்கி வந்தது அவன்தான். ஏற்றினோம், பன்னிரண்டும் எடுத்தோம், கழுவக் கொடுத்தோம். பன்னிரண்டும் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல் மங்கலாக வந்தன. கண்ணில் குறை என்று முதலில் எண்ணி, கண் மருத்துவரிடமும் காட்டினோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் தகட்டின் நினைவு வந்தது. கேமராவின் முதுகைத் திறந்தால், தகடு இல்லை! சிறுவனாய் எத்தனையோ முறை அண்ணன் அதைச் செருகக் கண்டிருந்தும், மறந்துவிட்டோம்.

அண்ணனின் தகரப் பெட்டியை அண்ணியார் எடுத்துத் தந்தார்கள். கப்பல் பணிச் சான்றுகள், வெளிநாட்டு நாணயங்கள், நெகட்டிவ் உறைகள். ஓர் உறையில், எண்ணெய்த் தாளில் சுற்றிய தகடு இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை ஒப்பிட்டோம். அதே எண். கடைசிச் சுருளைக் கழற்றியபோது எடுத்தவர், அடுத்த சுருளை ஏற்றாததால் திரும்பச் செருகவில்லை. அதே உறையிலிருந்த நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். அப்பாவின் கல்லறை, மெழுகுவர்த்திகள். 1979-ஆக இருக்க வேண்டும்.

அந்த அம்மாளும் இப்போது இல்லை. இறந்த பையனுக்குப் பின் பிறந்த மகள் இருக்கிறார், அவரும் பாட்டியாகிவிட்டார். கடந்த ஆண்டு அவருடைய பேரனுக்குப் புதுநன்மை. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாம் மாமியார்ப் பெட்டியோடு நின்றோம். "அது என்ன தாத்தா?" என்று பையன் வந்தான். பாட்டியை அழைத்து அருகில் நிறுத்தினோம். கதவை மெல்லத் தாங்கி இறக்கி, சாளரத்தில் கண்ணை வைத்தோம். பையனுக்கு இரு முகம். சக்கரத்தைத் திருப்பினோம். கை சற்று நடுங்கிற்று; முதுமைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று படம் எடுத்தோம். முதல் படத்தில் பையன் கண்ணை மூடிவிட்டான், இரண்டாவதில் பாட்டி. மூன்றாவதில் இருவரும் கண்ணைத் திறந்து, நம் குடும்பப் படங்களில் எல்லாரும் காணப்படுவது போலவே, சற்றுச் சினத்தோடு நிற்கிறார்கள். அதில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை அவர்களிடம் கொடுத்தோம். சுருளில் இன்னும் ஒன்பது படம் மீதி இருக்கிறது.